புயல் மாதத்தில் எட்டு வாரப் படிப்பா?

டெக்சாஸ் சமுதாயக் கல்லூரிகளுக்கு எட்டு வார மோகம் பிடித்திருக்கிறது. ஆகஸ்ட் கடைசியில் தொடங்கி டிசம்பரில் முடியும் பதினாறு வார ஃபால் செமஸ்டரை இரண்டாகப் பிளக்கிறார்கள். பாதிப் பாடங்களை அக்டோபர் நடுவிலேயே முடித்துவிட்டு, மீதியை அதன்பின் தொடங்குகிறார்கள். 2014இல் ஒடெஸ்ஸா கல்லூரி தன் பெரும்பாலான பாடங்களை இப்படி மாற்றியது. அதே வழியில் போன அமரில்லோ கல்லூரி சமுதாயக் கல்லூரிகளுக்கான ஆஸ்பென் பரிசை 2023இல் பகிர்ந்துகொண்டது. ஹூஸ்டன் வட்டாரக் கல்லூரிகளின் நாட்காட்டிகளிலும் இப்போது பதினாறு வாரப் பாடங்களுக்குப் பக்கத்தில் எட்டு வாரப் பாடங்கள் இருக்கின்றன. இவற்றை இன்னும் கூட்ட வேண்டும், முடிந்தால் எல்லாவற்றையுமே மாற்றிவிட வேண்டும் என்ற பேச்சும் வலுத்து வருகிறது.

கூட்டுவதற்கு முன்னால் ஒருமுறை வரைபடத்தைப் பார்க்கச் சொல்கிறேன். ஒடெஸ்ஸா மேற்கு டெக்சாஸின் வறண்ட எண்ணெய் வயல் நாட்டில், நம் பேர்லேண்டிலிருந்து ஏறக்குறைய 500 மைல் தள்ளி இருக்கிறது. அமரில்லோ மாநிலத்தின் வடக்கு மூலையில், கடற்கரையிலிருந்து இன்னும் தூரத்தில் இருக்கிறது. நாமோ ஹூஸ்டனுக்கும் மெக்சிகோ வளைகுடாவுக்கும் நடுவே, மழை பெய்தால் தண்ணீர் வடிய வழி தேடும் சமவெளியில் குடியிருக்கிறோம். பேர்லேண்ட் பிள்ளைகளுக்கான சமுதாயக் கல்லூரி ஆல்வினில் இருக்கிறது. 1979 ஜூலையில் கிளாடெட் புயலின்போது அந்த ஆல்வின் அருகேதான் 24 மணி நேரத்தில் 42 அங்குல மழை கொட்டியது. 2018இல் ஹவாயின் கவாய் தீவு முறியடிக்கும்வரை அமெரிக்காவில் ஒரே நாளில் பெய்த மழைக்கு அதுதான் உச்சம். ஒடெஸ்ஸாவின் நாட்காட்டியை அப்படியே இந்த ஊருக்குக் கொண்டுவருவது எந்த வகைத் திட்டமிடல்?

இன்னும் துல்லியமாகவே பார்க்கலாம். 2005 செப்டம்பர் 24இல் ரீட்டா புயல். 2008 செப்டம்பர் 13இல் ஐக். 2017 ஆகஸ்ட் 25இல், வகுப்புகள் தொடங்கவிருந்த தறுவாயில், ஹார்வி. 2019 செப்டம்பர் மூன்றாம் வாரத்தில் இமெல்டா. 2021 செப்டம்பர் 14இல் நிக்கலஸ். ஒவ்வொன்றும் இந்த வட்டாரக் கல்விக்கூடங்களை மூடவைத்தது. சில நாட்களில் திறந்ததும் உண்டு, ஒரு வாரத்துக்கு மேல் மூடிக் கிடந்ததும் உண்டு. 2005 முதல் 2021 வரை பதினேழு ஃபால் செமஸ்டர்களில் குறைந்தது ஐந்து அடி வாங்கின. இந்த ஐந்து அடியும் எட்டு வாரக்காரர்கள் முதல் பாதி என்று வெட்டியெடுக்கும் அந்தத் துண்டின்மேல், அல்லது அதன் வாசலில்தான் விழுந்தன. அக்டோபர் நடுவுக்குப் பிறகு ஒன்றுகூட இல்லை. அட்லாண்டிக் புயல் பருவத்தின் உச்சம் செப்டம்பர் 10ஐ ஒட்டியது என்பது இந்த ஊரில் பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். நாட்காட்டி வகுப்பவர்களுக்கு மட்டும் எப்படித் தெரியாமல் போகும்?

பதினாறு வாரத்தில் ஒரு வாரம் போனால் போவது ஆறேகால் சதவீதம். எட்டு வாரத்தில் போனால் பன்னிரண்டரை. நர்சிங் படிப்புக்கு முன்தேவையான உடற்கூறியல் பாடத்தை எடுத்துக்கொள்வோம். வகுப்பும் ஆய்வகமுமாக அதற்கு 96 மணி நேரம். பதினாறு வாரத்தில் வாரத்துக்கு ஆறு மணி நேரம். எட்டு வாரத்தில் பன்னிரண்டு. ஒரே வாரம் மின்சாரம் இல்லாமல் போனால் இரண்டு வாரப் பாடமும் அதற்கான ஆய்வகமும் சேர்ந்து போகும். ஈடுகட்ட வார இறுதியில் வரச் சொல்வார்கள். அதே வார இறுதியில் அந்த மாணவி வீட்டில் நனைந்த கம்பளத்தை வாசலில் எறிந்துகொண்டிருப்பாள், அல்லது காப்பீட்டு ஆய்வாளருக்காகக் காத்திருப்பாள். தாக்குப்பிடிக்க முடியாமல் பாடத்தை விட்டால், பதிவான மாணவர்களைக் கல்லூரி கணக்கெடுக்கும் நாள் தாண்டியிருந்தால் மதிப்பெண் பட்டியலில் ‘டபிள்யூ’ விழும். 2007இல் வந்த மாநிலச் சட்டப்படி இளநிலைப் படிப்பு முழுவதற்கும் ஆறு பாடங்களை மட்டுமே அப்படி விட முடியும். தக்க காரணம் காட்டினால் விலக்கு கிடைக்கும் என்கிறார்கள். வெள்ளத்தில் வீட்டை இழந்தவள் முதலில் எந்தக் காகிதத்தைத் தேடுவாள்?

தமிழ்நாட்டில் படித்துவிட்டு வந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. அங்கே ஒற்றைப்படை செமஸ்டர் தேர்வுகள் நவம்பர், டிசம்பரில், வடகிழக்குப் பருவமழையின் நடுவில் வருகின்றன. மாநிலத்தின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி கொட்டும் காலம் அது. 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோது அண்ணா பல்கலைக்கழகம் தேர்வுகளைத் தள்ளிவைத்தது. பள்ளிகளின் அரையாண்டுத் தேர்வு ஜனவரிக்குப் போனது. 2016 டிசம்பர் 12இல் வர்தா புயல், 2018 நவம்பர் 16இல் கஜா, 2023 டிசம்பரில் மிக்ஜாம். ‘நாளை நடக்கவிருந்த தேர்வு ஒத்திவைப்பு’ என்ற அறிவிப்பு அங்கே தீபாவளி மாதிரி ஆண்டுதோறும் வருவது. மழைக்காலத்தில் தேர்வு வைப்பது தவறு என்று நான் எப்போதுமே சொல்லி வந்திருக்கிறேன், இப்போதும் சொல்கிறேன். ஆனாலும் அந்தத் தவறைத் தாங்கிக்கொள்ள அங்கே இடம் இருந்தது. செமஸ்டர் நீளமானது, பாடம் முடிந்திருந்தது, தள்ளிப்போனது தேர்வு மட்டும். இங்கே பாடமே அறுந்துபோகிறது. தள்ளிவைக்கலாம் என்றால் முதல் எட்டு வாரம் முடிந்த கையோடு இரண்டாவது எட்டு வாரம் வந்து நிற்கிறது. தள்ளுவதற்குத் தேதியே கிடையாது.

‘இப்போது எல்லாம் ஆன்லைன்தானே’ என்று ஒரு பதில் வரும். 2024 ஜூலை 8இல் பெரில் புயல் வந்தபோது ஹூஸ்டன் வட்டாரத்தில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளில் மின்சாரம் போனது. பல வீடுகளுக்கு அது திரும்ப ஒரு வாரமானது. செல்பேசிக்குச் சார்ஜ் ஏற்றக் காரில் உட்கார்ந்திருந்தவர்களிடம் போய் ஆன்லைன் வகுப்பைப் பற்றிப் பேசுவது பேச்சே அல்ல.

‘ஒடெஸ்ஸாவின் வெற்றியைப் பாருங்கள்’ என்பது இரண்டாவது பதில். பார்த்தேன். எட்டு வாரத்துக்கு மூன்று ஆண்டுகள் முன்பே, 2011இல், அந்தக் கல்லூரி பாடங்களைப் பாதியில் விடுவோரைத் தடுக்க வேறொரு திட்டத்தைத் தொடங்கியிருந்தது. ஆசிரியர்கள் முதல் வாரத்திலேயே மாணவர்களைப் பெயர் சொல்லி அழைக்க வேண்டும். ஒவ்வொருவரையும் தனியாகச் சந்தித்துப் பேச வேண்டும். யார் வரவில்லை, யார் தடுமாறுகிறார் என்று கவனித்து உடனே தலையிட வேண்டும். பாடங்களை முடிப்போர் விகிதம் அதிலேயே ஏறத் தொடங்கிவிட்டது. மாணவனின் பெயரைத் தெரிந்துகொண்டதால் கிடைத்த பலனை நாட்காட்டியின் கணக்கில் எழுதுகிறார்கள். பெயரைத் தெரிந்துகொள்ளக் கூடுதல் ஆசிரியர்கள் வேண்டும், அவர்களுக்குச் சம்பளம் வேண்டும். நாட்காட்டியை மாற்ற ஒரு கூட்டமும் ஒரு தீர்மானமும் போதும். அதனால்தான் எல்லோரும் நாட்காட்டியை மாற்றுகிறார்கள்.

இதில் பணமும் இருக்கிறது. 2023இல் நிறைவேறிய எச்.பி. 8 சட்டத்துக்குப் பிறகு சமுதாயக் கல்லூரிகளுக்கு மாநில அரசின் நிதி பெரும்பாலும் விளைவுகளைப் பொறுத்தே வருகிறது: எத்தனை பேர் சான்றிதழ் பெற்றார்கள், எத்தனை பேர் பல்கலைக்கழகத்துக்கு மாறினார்கள், எத்தனை பள்ளி மாணவர்கள், பள்ளியில் இருந்தபடியே கல்லூரிப் பாடம் எடுக்கும் டூயல் கிரெடிட்டில், 15 கிரெடிட் மணிகளை முடித்தார்கள். நோக்கம் நல்லதுதான். ஆனால் முடித்தவர்களுக்குப் பணம் என்று ஆனபின், சீக்கிரம் முடிக்க வைக்கும் எதுவும் கல்லூரிக்கு இனிக்கத்தான் செய்யும்.

நம்மவர்களில் பலருக்கு இது அடுத்த வீட்டுச் செய்தி. ‘கம்யூனிட்டி காலேஜா?’ என்று விருந்துகளில் முகம் சுளிப்பவர்களின் பிள்ளைகளே பத்தாம் வகுப்பு முடித்ததும் டூயல் கிரெடிட்டில் ஆங்கிலமும் அமெரிக்க வரலாறும் எடுக்கிறார்கள். பேர்லேண்டின் டர்னர் பள்ளியில் படிப்பவர்களுக்குக் கல்லூரிப் பாடம் அன்றாடம். ஊரிலிருந்து எச்-4 விசாவில் வந்து, கையில் குழந்தையோடு, கணக்குப்பதிவோ நர்சிங்கோ புதிதாகப் படிக்கத் தொடங்கும் பெண்களை மீனாட்சி கோயில் மண்டபத்தில் வாராவாரம் பார்க்கலாம். எட்டு வாரத்தில் மூன்று கிரெடிட் பாடம் ஒன்றுக்கு வகுப்பும் வீட்டுப்படிப்புமாக வாரம் 18 மணி நேரம் வேண்டும். இரண்டு பாடம் என்றால் 36. குழந்தைக்கு இரண்டு நாள் காய்ச்சல் வந்தாலே அந்தக் கணக்கு உதைக்கும். புயல் வேறு வர வேண்டுமா?

ஆகவே கடலோர மாவட்டங்களில் ஃபால் முதல் பாதியில் எட்டு வாரப் பாடமே கூடாது என்று மாநில உயர்கல்வி ஒருங்கிணைப்பு வாரியம் விதி செய்ய வேண்டும். கல்லூரியின் விருப்பத்துக்கு விடுவதெல்லாம் போதாது. வேகமாகப் படிக்க விரும்புகிறவர்களுக்கு அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் வரை இருக்கிறது, அதில் தாராளமாக நடத்தட்டும். மற்றவர்களுக்குப் பதினாறு வாரத்தோடு இன்னொரு வாரத்தைப் புயல் வாரமாகச் சேர்த்துப் பதினேழாக்க வேண்டும். புயல் வந்தால் அது ஈடு. வராவிட்டால் நன்றி நவிலல் விடுமுறைக்கு முன்னால் படிப்பதற்கான வாரம். பேர்லேண்டின் ஷேடோ கிரீக் பக்கம் ஆல்வின் பள்ளி மாவட்டத்தில் குடியிருப்பவர்கள் ஆல்வின் கல்லூரிக்கு வரி கட்டுகிறார்கள். அதன் ஆட்சிக்குழுத் தேர்தலில் வாக்கும் போடுகிறார்கள். அடுத்த தேர்தலில் கதவைத் தட்டும் வேட்பாளரிடம் அவர்கள் முதலில் கேட்க வேண்டியது, செப்டம்பர் மாதத்துக்கு என்ன செய்யப் போகிறீர்கள் என்பதைத்தான்.