நூறில் ஒரு பங்கு நொடி

ஏலப்பாறையில் காலை நேரத்தில் ஓட்டப் பந்தயம் நடத்த யாரும் தேவையில்லை. தேயிலைத் தோட்டத்து லயங்களிலிருந்து பையை முதுகில் மாட்டிக்கொண்டு கிளம்பும் பிள்ளைகள், பஸ்ஸைப் பிடிக்க மேட்டிலும் சரிவிலும் ஓடியே பழகியவர்கள். அம்மா கொழுந்து பறிக்கப் போய்விட்டிருப்பாள். மூடுபனிக்குள் மறைந்து அடுத்த வளைவில் வெளிப்படும் அந்தக் கால்களின் வேகத்தை அளக்க யார் கையிலும் கடிகாரம் இருப்பதில்லை.

இடுக்கி மாவட்டத்து மலைகளுக்கு ஓட்டம் புதிதல்ல. 1984 லாஸ் ஏஞ்சலீஸ் ஒலிம்பிக்கில் 800 மீட்டர் ஓட்டத்தின் அரையிறுதிக்குப் போன ஷைனி, தொடுபுழைப் பக்கத்துப் பெண். 2002 பூசான் ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் தங்கம் வென்ற பீனாமோளும், ஆண்களுக்கான அதே ஓட்டத்தில் வெள்ளி வென்ற அவரது தம்பி பினுவும் இந்த மாவட்டத்து மலையோர விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகள். 2010 குவாங்சோவில் 10,000 மீட்டர் தங்கம் வென்ற பிரீஜா ஸ்ரீதரனும் இடுக்கிக்காரர்தான். குட்டிக்கானம் வழியாக மலையிறங்கினால் முண்டக்கயம். அதைத் தாண்டினால் கோருத்தோடு. அங்கே ஒரு கிராமத்துப் பள்ளியில் முன்னாள் ராணுவத்தினரான கே.பி. தாமஸ் என்ற 'தாமஸ் மாஷ்' உருவாக்கிய வரிசையில் அஞ்சு பாபி ஜார்ஜும் ஒருவர்.

இத்தனை பெண்கள் ஓடுவதற்கு ஊர் சம்மதித்தது எப்படி? அந்தக் கேள்விக்கு விடை தேடினால் மலையை விட்டுக் கடற்கரைக்குப் போக வேண்டும். கோழிக்கோடு மாவட்டத்தில், வடகரைக்குப் பக்கத்தில் உள்ள மணியூரில் 2021 ஆகஸ்ட் 19 அன்று ஓ.எம். நம்பியார் காலமானார். அவருக்கு வயது 89. பி.டி. உஷாவின் பயிற்சியாளர் என்பதே நாடு அவருக்குக் கொடுத்த முகவரி.

நம்பியார் அடிப்படையில் விமானப் படைக்காரர். சர்வீசஸ் அணிக்காக ஓடியவர். இந்தியாவின் சட்டையை அணிந்து ஓடும் வாய்ப்பு மட்டும் கிடைக்கவில்லை. படையிலிருந்து விலகி, பாட்டியாலாவில் பயிற்சியாளர் படிப்பை முடித்துக்கொண்டு கேரளத்துக்குத் திரும்பினார். 1976இல் கேரள அரசு பெண்களுக்கான விளையாட்டுப் பிரிவைக் கண்ணூரில் தொடங்கியது. தேர்ந்தெடுக்கப்பட்ட 40 சிறுமிகளில், பையோளியிலிருந்து வந்த 12 வயது ஒல்லிப் பெண்ணும் ஒருத்தி. அவளது ஒடிசலான உடலும் விறுவிறுவென்ற நடையும்தான் முதலில் தன் கண்ணில் பட்டதாக நம்பியார் பின்னாளில் சொல்லியிருக்கிறார். ஓடுவதைப் பார்த்து வேகத்தைச் சொல்ல எல்லோராலும் முடியும். அவர் நடப்பதைப் பார்த்தே கண்டுகொண்டார்.

செயற்கைத் தடம் எட்டாத தூரத்தில் இருந்த காலம் அது. பையோளிக் கடற்கரை மணல்தான் மைதானம். அலை வந்து போகும் ஈர மணலில் ஓடினால் கால் புதையும். புதைந்த காலை இழுத்து ஓடினால் தொடை வலுப்படும். காசு செலவில்லாத உடற்பயிற்சிக் கூடம். ஒரு பெண் அரைக்கால் சட்டையோடு கடற்கரையில் ஓடுவதை ஊர் வேடிக்கை பார்த்தது. பிறகு பெருமையாகப் பார்த்தது. அந்த மாற்றமும் பதக்கங்களைப் போலவே நம்பியாரின் கணக்கில் சேர வேண்டியது.

1980இல் மாஸ்கோ ஒலிம்பிக்கில் 16 வயது உஷா முதல் சுற்றோடு வெளியேறினார். 1982இல் டெல்லி ஆசிய விளையாட்டில் 100, 200 மீட்டர் இரண்டிலும் வெள்ளி. அதற்குப் பிறகு நம்பியார் எடுத்த முடிவுதான் கதையின் திருப்பம். பெண்களுக்கான 400 மீட்டர் தடை ஓட்டம் 1984இல்தான் முதல் முறையாக ஒலிம்பிக்கில் சேர்க்கப்பட்டது. புதிய போட்டி என்பதால் எல்லா நாட்டு வீராங்கனைகளுக்கும் அது ஓரளவு புதிதுதான். உஷாவை அதற்குத் திருப்பினார்.

கேட்பதற்கு எளிது. பத்துத் தடைகள். ஒவ்வொன்றும் 76.2 சென்டிமீட்டர் உயரம். ஒரு தடைக்கும் அடுத்ததற்கும் இடையே 35 மீட்டர். அந்த 35 மீட்டரை எத்தனை அடியில் கடப்பது என்பதில்தான் சூட்சுமம். களைப்பு ஏற ஏற அடி சுருங்கும். ஓர் அடி கூடினால் தடைக்கு முன்னால் எழும்ப வேண்டிய கால் மாறிவிடும், தாளம் தப்பும். உடம்புக்கு அந்தக் கணக்கை மனப்பாடமாக்குவது பயிற்சியாளரின் வேலை.

லாஸ் ஏஞ்சலீஸில் உஷா 55.54 நொடியில் அரையிறுதியை வென்றார். சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் ஒலிம்பிக் கிராமத்தில் கஞ்சியும் ஊறுகாயுமாகவே காலம் தள்ளியதாகவும், கடைசி 35 மீட்டரில் அது தெரிந்ததாகவும் உஷா பின்னர் சொன்னார். ஆகஸ்ட் 8 அன்று இறுதிப் போட்டி. ஒருவர் முன்கூட்டியே கிளம்பிவிட, எல்லோரும் திரும்பி வந்து மறுபடி ஓட வேண்டியதாயிற்று. மொராக்கோவின் நவால் தங்கம். அமெரிக்காவின் ஜூடி பிரவுன் வெள்ளி. மூன்றாவது யார் என்பதைப் புகைப்படம்தான் சொன்னது. ருமேனியாவின் கோஜோகாரு 55.41. உஷா 55.42.

தடகளத்தில் கோட்டைத் தொடும் தலையோ கையோ கணக்கில் வராது. உடலின் நடுப்பகுதி கடக்க வேண்டும். அதனால்தான் ஓட்டக்காரர்கள் கடைசியில் மார்பை முன்னே தள்ளிப் பாய்கிறார்கள். அந்த ஓர் அசைவின் அளவுதான் இடைவெளி. பதக்கம் நழுவியதை அறிந்து அழுததாகவும், உஷாவுக்கு ஓர் ஒலிம்பிக் பதக்கம் என்பது தன் வாழ்வில் நிறைவேறாத கனவு என்றும் 2021இல்கூட நம்பியார் சொன்னார். 37 வருடம் ஆறாத காயம்.

அழுதுகொண்டே உட்கார்ந்துவிடவில்லை. அடுத்த ஆண்டு ஜகார்த்தா ஆசிய தடகளத்தில் உஷா வென்றது ஐந்து தங்கம், ஒரு வெண்கலம். 1986 சியோல் ஆசிய விளையாட்டில் நான்கு தங்கம், ஒரு வெள்ளி. தோல்விக்குப் பிறகு மாணவியை மறுபடி கோட்டில் நிற்க வைத்ததுதான் அந்த ஆசிரியரின் பெரிய சாதனை என்று தோன்றுகிறது.

பாராட்டுகள் வந்த விதம் வேறு. சிறந்த பயிற்சியாளர்களுக்கான துரோணாச்சாரியா விருது 1985இல் தொடங்கியபோது முதல் மூவரில் நம்பியார் ஒருவர். அதே 1985இல் மாணவிக்கு பத்மஸ்ரீ கிடைத்தது. ஆசிரியருக்கு அது அறிவிக்கப்பட்டது 2021 ஜனவரியில். 36 வருட இடைவெளி. எப்போதோ தந்திருக்க வேண்டியது, தாமதமானாலும் மகிழ்ச்சிதான் என்றார் அவர். அப்போது பார்க்கின்சன் நோய் அவரது உடலைப் பிடித்திருந்தது.

2021 ஆகஸ்ட் 7 அன்று டோக்கியோவில் நீரஜ் சோப்ரா ஈட்டி எறிந்து தங்கம் வென்றார். சுதந்திர இந்தியா தடகளத்தில் பெற்ற முதல் ஒலிம்பிக் பதக்கம் அது. உஷா தன் குருவைப் பார்க்கப் போய் அந்தச் செய்தியைச் சொன்னார். அவருக்குப் புரிந்தது, பேச முடியவில்லை. சில நாட்களில் கண்ணை மூடினார்.

உஷா 2022இல் மாநிலங்களவை நியமன உறுப்பினரானார். அதே ஆண்டு இந்திய ஒலிம்பிக் சங்கத்தின் தலைவருமானார். அதற்கு 20 ஆண்டுகளுக்கு முன்பே தன் பெயரில் தடகளப் பள்ளி தொடங்கி, தன் குரு செய்த வேலையைத் தானும் செய்ய ஆரம்பித்திருந்தார். குருவுக்குச் செலுத்தும் காணிக்கையில் அதைவிடப் பெரியது இருக்க முடியாது.

ஆனால் ஒவ்வொரு ஊருக்கும் ஒரு தடகளப் பள்ளி வராது. வரக்கூடியது ஓர் ஆசிரியர். பிள்ளைகளின் எண்ணிக்கை குறைவு என்ற கணக்கில் சிறிய பள்ளிகளுக்கு உடற்கல்வி ஆசிரியர் கிடைப்பது அரிதாக இருக்கிறது. மலைப்பகுதியில் பள்ளிகள் சிறியவையாகத்தான் இருக்கும். தோட்டங்கள் நலிந்து குடும்பங்கள் வெளியேறும்போது இன்னும் சிறுக்கும். கண்ணூரில் 1976இல் நம்பியார் அந்த மைதானத்தில் நிற்காமல் இருந்திருந்தால் பையோளிப் பெண் வேகமாக நடந்து வீட்டுக்குப் போயிருப்பாள். அவ்வளவுதான்.

ஏலப்பாறையில் நாளைக் காலையும் பஸ்ஸுக்காகப் பிள்ளைகள் ஓடுவார்கள். அவர்களில் யாருடைய நடை விறுவிறுப்பானது என்று பார்க்க, சாலையோரத்தில் ஒருவர் நிற்க வேண்டும்.