சின்னர் கோட்டை விட்டாரா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

2025 பிரெஞ்சு ஓப்பன் ஆடவர் இறுதியாட்டம் பற்றிப் பேச்செடுத்தாலே, கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை, சின்னர் பதறிப்போய்க் கோட்டை விட்டார் என்கிறார்கள் ரசிகர்கள் பலர். இந்தத் தீர்ப்பை என்னால் ஏற்க முடியவில்லை.

நான்காவது செட்டில் சின்னர் 5-3 என முன்னிலை. எதிராளி அல்கராஸின் சர்வில் 0-40. கையில் மூன்று சாம்பியன்ஷிப் பாயின்ட். மூன்றும் நழுவின, உண்மைதான். அதற்குப் பிறகு நடந்ததை ஏன் யாரும் பேசுவதில்லை? ஐந்தாவது செட்டில் 5-4 என்ற நிலையில், பட்டத்துக்காக அல்கராஸ் சர்வ் போட வந்தார். சின்னர் அதை முறியடித்து, 6-5 என முந்தவும் செய்தார். அவ்வளவு நேரம் ஓடிக் களைத்த கால்களோடு இதைச் செய்தவரையா மனம் தளர்ந்தவர் என்பது? 5 மணி 29 நிமிடம் நீடித்த ஆட்டம் அது. பிரெஞ்சு ஓப்பன் வரலாற்றிலேயே நீளமான இறுதியாட்டம். மொத்தப் புள்ளிகளில் சின்னர் 193, அல்கராஸ் 192!

தோற்றவரைக் குறை சொல்லும் வேகத்தில் வென்றவரின் சாதனையும் மறைந்துபோகிறது. எனக்கு அதுதான் பெரிய வருத்தம். கடைசி டைபிரேக்கின் முதல் ஏழு புள்ளிகளையும் அல்கராஸே அள்ளினார், முடிவு 10-2. அந்த ஆட்டத்துக்கு முன்னால் யார்தான் நின்றிருக்க முடியும்?

ஐந்தே வாரத்தில், விம்பிள்டன் இறுதியில் முதல் செட்டை இழந்தும், அதே அல்கராஸை சின்னர் வீழ்த்தினார். பாரிஸ் ஆட்டத்தைப் பற்றி, இருவருக்கும் உரிய இடம் தந்து, தங்கள் இதழில் விரிவான கட்டுரை ஒன்று வரவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
டென்னிஸ் ரசிகை ஒருவர்