கைவினைக் கண்காட்சி என்று போர்டு வைத்தால் போதுமா?

"கூட்டம் அள்ளும் மேடம். ஸ்டால் கிடைக்கிறதே கஷ்டம், இன்னைக்கே அட்வான்ஸ் போட்டுடுங்க." கண்காட்சி நடத்துகிறவர்களிடமிருந்து வரும் போன் எல்லாம் இப்படித்தான் ஆரம்பிக்கிறது. வேறு யார் யார் கடை போடுகிறார்கள் என்று கேட்டால் நேரான பதில் வராது. "எல்லாம் ஹேண்ட்மேட்தான் மேடம்" என்பார்கள். பணத்தைக் கட்டி, சரக்கை இறக்கிவிட்டுப் பார்த்தால் இடப்பக்கம் பாத்ரூம் கால்மிதி, வலப்பக்கம் 'எதை எடுத்தாலும் 99', எதிரே டெல்லி அப்பளம். வாசலில் மட்டும் 'மாபெரும் கைவினைக் கண்காட்சி' என்று பேனர்.

அப்பளம் பொரிக்கிறவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவரும் பிழைப்புக்கு வந்தவர்தான். அவரையும் எங்களையும் ஒரே பேனருக்குக் கீழே உட்காரவைத்து, இரண்டு பேரிடமும் ஒரே வாடகையை வாங்கிக்கொண்டு போகிறார்களே, அவர்கள்மேல்தான் ஆதங்கம்.

நான் பனை ஓலையில் பெட்டி முடைகிறவள். குருத்தோலையை வெட்டிக் காயவைத்து, ஈர்க்கைக் கழித்து, ஒரே அகலத்துக்கு வார்ந்து, சாயத்தைக் கொதிக்கவைத்து முக்கி எடுத்து, அதற்குப் பிறகுதான் முடைய உட்கார முடியும். இதில் மூடிதான் கஷ்டம். கொஞ்சம் இறுக்கிவிட்டால் திறந்து மூடும்போது விளிம்பு பிளந்துவிடும். தளர்ந்தால் கையில் எடுத்ததுமே கழன்று விழும். மூடி போட்ட பெட்டி ஒன்றை 350 ரூபாய்க்குக் கொடுக்கிறேன். ஓலையும் சாயமும் 80, கூலி 180 போனால் நிற்பது 90.

இப்போது வாடகையைப் பாருங்கள். பத்துக்குப் பத்து ஸ்டால், மூன்று நாளைக்கு 12,000 ரூபாய் என்பார்கள். அதற்குமேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. சேர்த்தால் 14,160. வேன் வாடகை, தங்க இடம், சாப்பாடு என்று ஒரு 6,000 ஆகும். 220 பெட்டிக்குமேல் விற்றால்தான் போட்ட காசே கைக்குத் திரும்பும். ஓலைப் பெட்டியின் அருமை தெரிந்தவர்கள் வருகிற இடமாக இருந்தால் அதுகூட நடக்கும். குழந்தைகளை ராட்டினத்தில் ஏற்ற வந்த குடும்பங்கள் நடுவில் எப்படி நடக்கும்? "அந்தக் கடையில இதே சைஸ் பிளாஸ்டிக் பெட்டி 80 ரூபாய்தானேக்கா" என்று கேட்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். இரண்டும் ஒன்றுதான் என்று அவர்களை நினைக்கவைத்தது அந்த பேனர்.

எந்தக் கண்காட்சிக்குப் போவது என்று யோசிக்க மாட்டீர்களா என்பார்கள். யோசிக்காமல் யாரும் போவதில்லை. நவராத்திரிக்கு முன்னால் என்றால் தாம்பூலப் பெட்டி போகும். தை பிறந்தால் கல்யாண ஆர்டர் வரும். ஐப்பசி மழையில் ஓலை ஈரம் குடித்துப் பூஞ்சணம் பூத்துவிடும், அப்போது எவ்வளவு பெரிய கண்காட்சியானாலும் வேண்டாம். இவ்வளவும் எங்களுக்குத் தெரியும். பக்கத்துக் கடை எது, எந்த மாதிரி ஆட்களுக்கு விளம்பரம் செய்திருக்கிறார்கள் என்பது மட்டும்தான் தெரியாது. அதைச் சொல்ல வேண்டியவர்கள் அட்வான்ஸ் வாங்குகிறவரை வாயைத் திறப்பதில்லை.

செய்ய முடியாத காரியமா இது? கமலாதேவி சட்டோபாத்யாய 1964-இல் கைவினைஞர்களுக்கென்றே இந்தியக் கைவினைக் கவுன்சிலைத் தொடங்கினார். 1981-இல் தொடங்கிய தஸ்த்கார் அமைப்பு, கைவினைஞர்களைத் தேடிப் பிடித்துத் தன் சந்தைகளுக்குக் கொண்டுவருகிறது. மத்திய அரசின் காந்தி சில்ப் பஜார், கைவினைஞர் அடையாள அட்டை உள்ளவர்களுக்கானது. தில்லி ஹாட் கைவினைச் சந்தையில் 15 நாளுக்கு ஒரு முறை கடை கை மாறும். ஒருத்தரே வருஷம் முழுக்க இடத்தைப் பிடித்துவைக்க முடியாது. யாருக்காகக் கடை என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டுத்தான் இவர்கள் கதவைத் திறக்கிறார்கள். ஆனால் அங்கே இருக்கிற இடமோ கொஞ்சம், காத்திருக்கிற கைகளோ நாடு முழுக்க. தில்லிவரை சரக்கைக் கட்டிக்கொண்டு போக எல்லாராலும் ஆகாது. எங்கள் ஊர்ப் பெண்களுக்கு மதுரையும் திருநெல்வேலியும் கோயம்புத்தூரும்தான் எட்டும் தூரம். அங்கே நடப்பதுதான் ஒழுங்காக நடக்க வேண்டும்.

நடத்துகிறவர்களிடம் நான் கேட்பது சலுகை இல்லை. பணம் வாங்குவதற்கு முன்னால் கடைகளின் பட்டியலைக் காட்டுங்கள். சரக்கைக் கண்ணால் பார்த்து, கேள்வி கேட்டு, பிறகு இடம் கொடுங்கள். அப்பளத்துக்கும் கால்மிதிக்கும் தனி வரிசை போடுங்கள். சொன்னது ஒன்று, நடந்தது ஒன்று என்றால் வாடகையைத் திருப்பிக் கொடுங்கள்.

வாங்க வருகிறவர்களிடமும் ஒன்று கேட்கிறேன். கைவினை என்று போட்டிருக்கிற இடத்துக்குப் போனால், "இதை யார் செஞ்சது, எந்த ஊர்ல?" என்று ஒவ்வொரு கடையிலும் கேளுங்கள். பதில் தெரியாமல் விழிக்கிற கடை இருந்தால், வெளியே போகும்போது அமைப்பாளரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். நாங்கள் சொன்னால் அடுத்த முறை எங்களுக்கு ஸ்டால் கிடைக்காது. டிக்கெட் வாங்கி உள்ளே வந்த நீங்கள் சொன்னால் காதில் வாங்குவார்கள்.