தோற்ற பந்தயமும் கடைசிப் பஸ்ஸும்

சென்ற பருவத்தில் நம் கலாசாலை ஹாக்கிக் குழுவினர் அரையிறுதிப் பந்தயத்தில் 4-1 என்ற கணக்கில் தோற்றுத் திரும்பிய செய்தியை நேயர்கள் அறிவர். மூன்று கால்பகுதிகள் முடியுமளவும் நம்மவரே ஒரு கோல் முன்னின்றனர். இறுதிப் 15 நிமிடங்களில் நான்கு கோல்கள் நம் வலையில் விழுந்தன. அன்று தொட்டு இன்றுகாறும் குழுவினர் யாவரும் ஒருங்கே மைதானத்தில் கூடியதை நாம் கண்டிலோம். 18 பேரில் எழுவரே மாலையில் வருகின்றனர்; வந்தவரும் ஒருவரோடொருவர் அதிகம் பேசுவதில்லை. பின்னர் நிகழ்ந்த இரண்டு நட்புப் பந்தயங்களிலும் தோல்வியே கண்டோம். "இக்குழுவைக் கலைத்துவிட்டு அப்பணத்தைக் கிரிக்கெட்டிற்குக் கொடுத்தாலென்ன?" என்று கேட்பாரும் இப்போது தோன்றியுள்ளனர். அன்னார்க்கு விடை கூறவே இதனை எழுதப் புகுந்தோம்.

முதற்கண் ஒன்று கூறுவோம். விடுதி உணவுக்கூடத்தில் நம் கோல் காவலரைக் கண்டவிடத்து நான்கு விரல்களை விரித்துக் காட்டி நகைக்கும் வழக்கம் சில நண்பர்களிடம் ஏற்பட்டிருக்கிறது. இஃது இன்றோடு ஒழிதல் வேண்டும். 1982ஆம் ஆண்டு டில்லியில் நடைபெற்ற ஆசிய விளையாட்டுகளின் இறுதிப் பந்தயத்தில் இந்தியா பாக்கிஸ்தானிடம் 7-1 எனத் தோற்றது. பழி முழுவதும் கோல் காவலரான மீர் ரஞ்சன் நேகியின் தலைமேல் விழுந்தது. அவர் பணம் வாங்கிக்கொண்டு பந்தை உள்ளே விட்டார் என்றுகூடப் பேசினர். ஏழு முறை பந்து கோலை எட்டுமுன் அது எத்தனை பேரைக் கடந்து வந்திருக்க வேண்டும் என்பதை எண்ணிப் பார்த்தவர் சிலரே. அந்த நேகியே 1998இல் பாங்காக்கில் தங்கம் வென்ற இந்தியக் குழுவின் கோல் காவலர்க்குப் பயிற்சியளித்தார். 2002இல் மான்செஸ்டரில் தங்கம் வென்ற நம் பெண்கள் குழுவிற்கும் உழைத்தார். பதினாறு ஆண்டுகள் ஒரு மனிதன் பொறுத்திருந்து பெற்ற விடுதலை அது. நம் கோல் காவலர் மூன்றாண்டுப் படிப்பில் இருப்பவர். அவரை அத்துணைக் காலம் காக்கவைக்க நமக்கு உரிமை இல்லை.

இனி, தோல்வியின் காரணத்தை ஆராய்வோம். நம்மவர்க்கு ஊக்கம் போதாது என்று சிலர் கூறுகின்றனர். நாம் அதனை ஒப்போம். குழுவிலுள்ள 18 பேரில் பதினொருவர் பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் கிராமங்களிலிருந்து நாள்தோறும் பஸ்ஸில் வந்து செல்பவர்கள். குன்னம் பக்கம் சிலர், வேப்பந்தட்டைப் பக்கம் சிலர், செந்துறை, ஜயங்கொண்டம் பக்கம் சிலர். வகுப்பு நான்கு மணிக்கு முடிகிறது. ஊருக்குள் செல்லும் கடைசி பஸ்ஸைப் பிடிக்க அவர்கள் ஐந்தேகாலுக்கு மைதானத்தை விட்டாக வேண்டும். உடை மாற்றி, உடலைச் சூடேற்றிக்கொண்டு, பந்தைத் தொடும்போது எஞ்சியிருப்பது ஏறக்குறைய முக்கால் மணி. காலையில் ஏழு மணிக்கு வீட்டில் உண்டவர்கள் சிலர். உண்ணாமலே வந்தவர்கள் சிலர். முக்கால் மணி நேரம் ஓடப் பழகிய உடல் முக்கால் மணி நேரம் நன்றாகவே ஓடியது. மூன்று கால்பகுதி என்பதும் அதே 45 நிமிடந்தான் என்பதை நேயர்கள் நோக்குக. நான்காம் பகுதியில் கால் ஓயாமல் வேறென்ன செய்யும்?

மற்றொரு காரணமும் உண்டு. நாம் பழகுவது சரளை மண்ணில். பந்தயம் நடந்ததோ நீர் தெளித்த செயற்கைப் புல்தரையில். மண்ணில் பந்து துள்ளும், தயங்கும். செயற்கைத் தரையில் வழுக்கிக்கொண்டு விரைந்தோடும். இவ்விடர்ப்பாடு நமக்கு மட்டும் வந்ததன்று. 1928 முதல் 1972 வரை ஒலிம்பிக் ஒவ்வொன்றிலும் பதக்கம் பெற்ற இந்தியா, செயற்கைத் தரை முதன்முதல் விரிக்கப்பட்ட 1976ஆம் ஆண்டு மான்ட்ரீயலில் ஏழாமிடத்திற்குத் தாழ்ந்தது. மணிக்கட்டின் நுட்பத்தால் உலகை வென்றவர்களே தரை மாறியதும் தடுமாறினரென்றால், சரளையில் முழங்கால் தேய்த்த நம் மாணாக்கரை எப்படிக் குறைகூறுவது?

அரியலூர் மண்ணிலிருந்தே ஓர் உதாரணம் தருவோம். அவ்வூரினரான கார்த்தி செல்வம் 2022ஆம் ஆண்டு மே மாதம் ஜகார்த்தாவில் ஆசியக் கோப்பைக்காக இந்தியாவின் சார்பில் முதன்முறை ஆடினார். பாக்கிஸ்தானுக்கெதிரான அப்பந்தயத்தில் ஒன்பதாம் நிமிடத்தில் கோல் அடித்தவர் அவரே. ஆயினும் முடிவதற்கு ஒரு நிமிடமிருக்கையில் எதிரிகள் சமன் செய்துவிட்டனர். அடுத்து ஜப்பானிடம் 5-2 எனப் படுதோல்வி. பெரும்பாலும் இளைஞரே நிறைந்த அக்குழு அடுத்த சுற்றுக்குச் செல்ல வேண்டுமானால் இந்தோனேசியாவைக் குறைந்தது 15 கோல் வித்தியாசத்தில் வெல்ல வேண்டும் என்ற நிலை வந்தது. 16-0 என வென்றனர்! அதன் பின் ஜப்பானையும் 2-1 என்று மடக்கினர். தென்கொரியாவோடு 4-4 எனச் சமன் ஆனதால் இறுதிப் பந்தயம் கிட்டவில்லை; மூன்றாமிடத்திற்காக மீண்டும் ஜப்பானைச் சந்தித்து 1-0 என வென்று வெண்கலத்தோடு திரும்பினர். ஐந்து கோல் வாங்கிய குழுவைக் கலைத்துவிட்டு வேறு குழுவை அனுப்பியிருந்தால் இவற்றில் ஒன்றும் நிகழ்ந்திராது.

ஆனால் கார்த்தி செல்வத்தின் வரலாற்றை ஊக்கத்தின் கதையாக மட்டும் படித்தல் ஆகாது. அவர் ஹாக்கி பயின்றது தம் ஊரிலன்று. கோவில்பட்டி விளையாட்டு விடுதியில். அங்கே தங்க இடமும் உணவும் பயிற்சியும் ஓரிடத்தில் கிடைத்தன. கடைசிப் பஸ்ஸைப் பற்றிய கவலை இல்லை. நம் வாதம் முழுவதும் இவ்வொன்றில் அடங்கும்.

குழுவைக் கலைப்பதைப் பற்றி ஒரு சொல். 2018இல் படைப்புழு வந்து பெரம்பலூர், அரியலூர்ப் பக்கத்து மக்காச்சோளத்தை அழித்தபோது, நம் மாணாக்கரின் தந்தையர் பலர் அந்தக் கொல்லைகளில் நின்றிருந்தனர். மறு ஆண்டு அவர்கள் நிலத்தைத் தரிசாகப் போடவில்லை. கோடையுழவும் விதைநேர்த்தியும் இனக்கவர்ச்சிப் பொறியும் கற்றுக்கொண்டு அதே மக்காச்சோளத்தை விதைத்தனர். ஹாக்கியை விட்டுப் புதியதோர் ஆட்டத்தைத் தொடங்கலாம் என்கிறார் நம் நண்பர் ஒருவர். 1908க்குப் பின் ஒலிம்பிக்கில் பதக்கத்திற்கு ஆடப்படாத லாக்ரோஸ் என்னும் வலைக்கோல் ஆட்டம் 2028இல் லாஸ் ஏஞ்சலிஸில் மீளவிருக்கிறது. அதற்கு இப்பக்கத்தில் எதிரிகளே இராரென்பது அவர் கணக்கு. எதிரி இல்லாத ஆட்டத்தில் வெற்றி எளிதுதான். எனினும் அதற்கும் மாலை ஐந்தேகாலுக்கு மேல் ஓட வேண்டியிருக்குமே!

கலாசாலைத் தலைவர்களை நாம் வேண்டுவது பெரிதன்று. பந்தயப் பருவமான மூன்று மாதங்களுக்கு அப்பதினொருவரையும் விடுதியில் தங்க அனுமதிக்க வேண்டும். விடுதியின் மேல்மாடியில் பூட்டிக் கிடக்கும் இரண்டு அறைகள் அதற்குப் போதும். உணவுச் செலவைப் பழைய மாணவர் சங்கத்தார் ஏற்பரென்று நம்புகிறோம்; ஆண்டு விருந்தில் ஒரு வகைப் பலகாரம் குறைந்தாலும் யாரும் குறை கூறார். வாரத்திற்கொருமுறையேனும் செயற்கைத் தரையுள்ள நகருக்குக் கலாசாலை வண்டியிலேயே குழுவை அழைத்துச் செல்ல வேண்டும். பெற்றோர் சிலர் மகனை அறுவடைக் காலத்தில் விடுதியில் விடத் தயங்குவர். அவர்களிடம் சென்று பேசும் பொறுப்பை ஆசிரியர் இருவர் ஏற்றுள்ளனர் என்று கேட்டு மகிழ்ந்தோம்.

வரும் திங்கட்கிழமை நான்கு மணிக்குக் குழுவினர் மீண்டும் கூடுகின்றனர். பந்தயத்திற்குப் பின் முதன்முறையாகப் பதினெண்மரும் வருவதாக ஒப்பியுள்ளனர். மைதானத்திற்கு வரும் நண்பர்கள் கோல் கம்பத்தின் பின்னே நின்று விரல் காட்டாமல், எல்லைக் கோட்டைத் தாண்டிப் புதருக்குள் ஓடும் பந்துகளை எடுத்துக் கொடுத்தால், முக்கால் மணியில் ஐந்து நிமிடமாவது மிச்சமாகும்.