இறுதியில் திறந்த கதவு

ஒரு சமூகம் எதனை உயர்வாக மதிக்கிறது என்பதை அதன் மேடைகளில் முழங்கப்படும் சொற்களைக் கொண்டு அறிந்துவிட முடியாது. இடர் வந்துற்ற வேளையில் எதனை முதலில் கைவிடுகிறது, இடர் தணியும்போது எதனை இறுதியாகக் கையில் எடுக்கிறது என்பதைக் கொண்டே அறிய முடியும். கல்வியைக் கண்ணெனப் போற்றும் மரபுக்கு உரிமை கொண்டாடும் நம் தமிழகம், கொரோனாப் பெருந்தொற்றின் தொடக்க நாள்களிலேயே பள்ளிக் கதவை மூடியது. ஏனைய கதவுகள் பலவும் திறந்து நெடுநாள் கடந்த பின்னரே அதனைத் திறந்தது. முகக்கவசங்களை மறந்துவிட்டோம். ஊரடங்கு நாள்களை வேடிக்கைக் கதைகளாகப் பேசத் தொடங்கிவிட்டோம். ஆயினும் குழந்தைகளோடு நாம் கொண்ட கணக்கு இன்னும் தீர்க்கப்படவில்லை.

தொடக்கத்திலேயே ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுவோம். 2020 மார்ச் 17 அன்று பள்ளிகளை மூடியது பிழை என்று நாம் வாதிடவில்லை. அன்று நோயின் இயல்பு எவருக்கும் முழுமையாகத் தெரிந்திருக்கவில்லை; தடுப்பூசி இல்லை; மருத்துவமனைகள் ஆயத்தமாக இல்லை. அந்நிலையில் மூடியது முன்மதியே. மூடியதைப் பற்றியதன்று நம் வழக்கு. மூடியே வைத்திருந்ததைப் பற்றியது. அதிலும் குறிப்பாக, எவற்றையெல்லாம் திறந்துவிட்டுப் பள்ளியை மட்டும் பூட்டி வைத்தோம் என்பதைப் பற்றியது.

நாட்காட்டியைச் சற்றே புரட்டிப் பார்ப்போம். ஊரடங்கு தொடங்கி ஏழு வாரங்கள்கூட நிறைவுறாத 2020 மே 7 அன்று, சென்னை நீங்கலாகப் பிற பகுதிகளில் மதுக்கடைகள் திறக்கப்பட்டன. கூட்டம் அலைமோதுவதைக் கண்ட உயர் நீதிமன்றம் மறுநாளே அவற்றை மூடுமாறு ஆணையிட்டது. அரசோ உச்ச நீதிமன்றம்வரை சென்று அவ்வாணைக்குத் தடை பெற்று, மே 16 அன்று கடைகளை மீண்டும் திறந்தது. செப்டம்பர் 1 அன்று வணிக வளாகங்களும் வழிபாட்டுத் தலங்களும் திறந்தன. நவம்பர் 16 முதல் ஒன்பதாம் வகுப்புக்கு மேற்பட்டோர்க்குப் பள்ளி திறக்கும் என்று அறிவித்த அரசு, நவம்பர் 9 அன்று பெற்றோரிடம் கருத்துக் கேட்டது. நவம்பர் 10 அன்று திரையரங்குகள் திறந்தன. நவம்பர் 12 அன்று பள்ளித் திறப்பு தள்ளிவைக்கப்பட்டது. நான்கே நாள்களுக்குள் நிகழ்ந்தவை இவை. மூடிய மண்டபத்தில் மூன்று மணி நேரம் அமர்ந்து திரைப்படம் பார்ப்பது இயலும், காற்றோட்டமுள்ள வகுப்பறையில் அமர்ந்து கணக்குப் போடுவது இயலாது என்பதை எந்த மருத்துவ அறிவு கற்பித்தது?

இதனோடு முடியவில்லை. 2021 சனவரி 19 அன்று பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புகளும், பிப்ரவரி 8 அன்று ஒன்பதாம், பதினோராம் வகுப்புகளும் திறந்தன. ஆனால் மார்ச் 22 முதல் ஒன்பது, பத்து, பதினோராம் வகுப்புகள் மீண்டும் மூடப்பட்டன. அதே நாள்களில் சட்டமன்றத் தேர்தல் பரப்புரை உச்சத்தில் இருந்தது. பிள்ளைகள் நுழையக் கூடாதெனப் பூட்டிய பள்ளிகள், ஏப்ரல் 6 அன்று வாக்குச்சாவடிகளாகத் திறக்கப்பட்டன! அரசியல் கட்சிகளின் கூட்டங்களைக் கட்டுப்படுத்தத் தவறிய தேர்தல் ஆணையத்தைச் சென்னை உயர் நீதிமன்றமே அம்மாத இறுதியில் கடுமையாகச் சாடியது. இரண்டாம் அலை ஓய்ந்த பின், செப்டம்பர் 1 அன்று பெரிய வகுப்புகளும், நவம்பர் 1 அன்றுதான் ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகளும் திறந்தன. 19 மாதங்களுக்கும் மேலாக ஒரு தலைமுறை வகுப்பறையைக் காணவில்லை. 2020 சூனில் முதல் வகுப்பில் அமர்ந்திருக்க வேண்டிய குழந்தை, முதன்முறையாகக் கரும்பலகையின்முன் அமர்ந்தபோது இரண்டாம் வகுப்பில் இருந்தது.

இனிப் பயண விதிகளுக்கு வருவோம். பள்ளியின் பூட்டுக்கும் அவற்றுக்கும் நெருங்கிய உறவு உண்டு. 2020 சூன் இறுதி முதல் மாவட்டம் விட்டு மாவட்டம் செல்ல இ-பாஸ் வேண்டும் என்பது விதி. திருமணம், நெருங்கிய உறவினர் இறப்பு, மருத்துவம் போன்ற காரணங்களுக்கே அது வழங்கப்பட்டது. நடந்தது என்ன? இல்லாத இறப்பைக் காட்டி அனுமதி பெற்றோர் உண்டு. இடைத்தரகருக்குப் பணம் கொடுத்துப் பெற்றோர் உண்டு. போலி அனுமதிச் சீட்டு விற்றோர் கைது செய்யப்பட்டதும் உண்டு. ஐம்பது பேருக்கு அனுமதியுள்ள திருமணத்திற்கு ஐந்நூறு பேரை அழைத்து, அதனைத் திறமையெனப் பேசித் திரிந்தோரையும் நாம் அறிவோம். காவலரை ஏய்த்துவிட்டோம் என்று அவர்கள் எண்ணினர். உண்மையில் ஏய்க்கப்பட்டவர் காவலர் அல்லர். தேவையற்ற பயணங்கள் தொற்றின் எண்ணிக்கையைப் பெருக்கின. எண்ணிக்கை பெருகியபோது, அதனையே காரணம் காட்டி மூடி வைக்கப்பட்டது பள்ளி. மூத்தோர் ஊர் சுற்றிய கடனை, முகவரிகூட எழுதத் தெரியாத குழந்தை அடைத்தது.

விதிகளை விரைந்து தளர்த்தியதில் அரசு காட்டிய பாரபட்சமும் இங்கே கருதத்தக்கது. 2020 செப்டம்பர் 1 அன்று மாநிலத்திற்குள் செல்ல இ-பாஸ் தேவையில்லை என்றாயிற்று. செப்டம்பர் 7 முதல் மாவட்டங்களுக்கிடையே பேருந்துகள் ஓடின. சுற்றுலாப் பயணிகளுக்காக உதகையின் பூங்காக்கள் அதே மாதத்தில் திறந்தன. தந்தையார் பேருந்தேறி எங்கும் செல்லலாம். மகள் தெருமுனையிலுள்ள தொடக்கப் பள்ளிக்குச் செல்ல இன்னும் 14 மாதங்கள் காத்திருக்க வேண்டும். இதற்குப் பெயர் பொதுநலப் பாதுகாப்பா?

சட்டத்தின் இயல்பு குறித்துப் பதின்மூன்றாம் நூற்றாண்டில் எழுதிய தூய தாமஸ் அக்குவினாஸ், குருமடத்தில் அறநெறி இறையியல் பயிலும் எவரும் மறக்க இயலாத ஒரு கருத்தை வைத்தார். நீதியான சட்டம் மனச்சான்றைக் கட்டுப்படுத்தும் என்றார் அவர். அதே இடத்தில் மற்றொன்றையும் சொன்னார்: பொதுநலனை நோக்கியே ஒரு சட்டம் இயற்றப்பட்டிருப்பினும், அதன் சுமைகள் மக்களிடையே நேர்மையற்ற அளவில் பங்கிடப்பட்டால் அது நீதியற்றதாகும். இவ்விரு கருத்துகளையும் சேர்த்தே நாம் ஏற்க வேண்டும். முதற் கருத்தின்படி, பயண விதியை மீறியோர் காவலரிடம் தப்பினாலும் மனச்சான்றின்முன் தப்ப இயலாது. இரண்டாம் கருத்தின்படி, எல்லாச் சுமையையும் குழந்தையின் தோளில் ஏற்றிய அரசாணை நீதியின்முன் நிற்க இயலாது.

குழந்தைகளின் உயிரைக் காக்கவே மூடி வைத்தோம் என்பர் சிலர். இவ்வாதத்தை நாம் எளிதாகத் தள்ளிவிடவில்லை. குழந்தை வழியாக வீட்டு முதியோருக்குத் தொற்று பரவும் என்ற அச்சம் உண்மையான அச்சமே. ஆயின் பூட்டிய பள்ளி அக்குழந்தைகளைக் காத்ததா? 2021 சூன், சூலை மாதங்களில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நாடளாவிய குருதி ஆய்வு நடத்தியது. ஆறு முதல் ஒன்பது வயதுக் குழந்தைகளுள் 57.2 விழுக்காட்டினரும், பத்து முதல் பதினேழு வயதினருள் 61.6 விழுக்காட்டினரும் ஏற்கெனவே தொற்றுக்கு ஆளாகியிருந்தமை தெரியவந்தது. பள்ளியோ மூடிக் கிடந்தது. தொற்றோ வீட்டு வாயில் வழியே வந்து சேர்ந்திருந்தது. அவ்வாய்வை வெளியிட்ட கழகத் தலைமை இயக்குநர், தொடக்கப் பள்ளிகளை முதலில் திறப்பதே அறிவுடைமை என்றும் கூறினார். தமிழகம் செய்தது அதற்கு நேர்மாறு: பெரிய வகுப்புகள் முதலில், சிறிய வகுப்புகள் இறுதியில். டென்மார்க்கு 2020 ஏப்ரல் 15 அன்றே இளஞ்சிறார் வகுப்புகளைச் சிறு சிறு குழுக்களாகத் திறந்தது. செல்வ நாட்டோடு நம்மை ஒப்பிடலாமா என்று கேட்கலாம். திறந்த வெளியும் வேப்பமர நிழலும் நம் சிற்றூர்ப் பள்ளிகளில் இல்லாத பொருள்களா?

தொலைக்காட்சியிலும் இணையத்திலும் பாடம் நடத்தினோமே என்பர் வேறு சிலர். கைப்பேசி இருந்த வீட்டிலும் அது தந்தையோடு வேலைக்குச் சென்றுவிட்டதே! 2021 ஆகஸ்டில் பொருளியல் அறிஞர் ஜான் திரேஸ் முதலானோர் 15 மாநிலங்களிலும் ஒன்றியப் பகுதிகளிலும் எளிய குடும்பங்களைச் சேர்ந்த ஏறத்தாழ 1,400 குழந்தைகளிடையே ஆய்வு நடத்தினர். சிற்றூர்களில் ஒழுங்காக இணையவழியில் பயின்றோர் நூற்றுக்கு எட்டுப்பேர். அறவே படிக்காதோர் நூற்றுக்கு முப்பத்தேழுபேர். தமிழகத்தில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுள் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க வல்லோர் 2018இல் நூற்றுக்கு ஏறத்தாழப் பத்துப்பேராக இருந்தனர். 2022இல் ஐந்துபேராகக் குறைந்தனர் என்று 'அசர்' கல்வி அறிக்கை காட்டிற்று. எண்கள் சொல்லாதவையும் உள: மதிய உணவுக்கு மாற்றாக உலர் பொருள்கள் தரப்பட்டன, அவை வீட்டிலுள்ள அனைவருக்கும் பங்காயின. பிள்ளைகள் வேலைக்கு அனுப்பப்பட்டனர். பெண்பிள்ளைகளுக்கு உரிய வயதுக்கு முன்பே மாலை சூட்டப்பட்டது. பள்ளி என்பது பாடம் சொல்லும் இடம் மட்டுமன்று. உணவும் பாதுகாப்பும் தரும் இடம் என்பதை, காமராசர் மதிய உணவைத் தொடங்கிய இம்மண்ணுக்கு யார் எடுத்துரைப்பது?

பெற்றோரே திறக்க விரும்பவில்லை என்பது மூன்றாம் வாதம். அஞ்சியோர் பலர் இருந்தனர் என்பது மெய். விருப்பமுள்ளோர் அனுப்பலாம், அஞ்சுவோர் காத்திருக்கலாம் என்று வழிவகுத்திருக்கலாம். பின்னாளில் அவ்வாறே செய்யப்பட்டது. மதுக்கடை திறக்கும் முன் மனைவியரிடம் கருத்துக் கேட்டார்களா?

உண்மைக் காரணம் வேறு. மதுக்கடை வருவாய் தரும். திரையரங்குக்குச் சங்கம் உண்டு. கட்சிக்குக் கொடி உண்டு. சமயத்தாருக்குத் திரள் உண்டு. குழந்தைக்கு வாக்கும் இல்லை, சங்கமும் இல்லை, செலுத்தும் வரியும் இல்லை. மூடுவதற்கு எளிதாக இருந்ததால் பள்ளி மூடப்பட்டது. திறக்குமாறு வற்புறுத்துவார் இல்லாததால் மூடியே கிடந்தது. கொடுமை என்னவெனில், ஆறு முதல் பதினான்கு வயது வரையிலான கல்வியைத்தான் நம் அரசமைப்பு அடிப்படை உரிமையாக உறுதி செய்கிறது. அவ்வயதினர் பயிலும் வகுப்புகளே இறுதியில் திறந்தன. உரிமை பெற்றவர் வரிசையின் கடைசியில் நின்றார். உரிமம் பெற்றவர் முன்வரிசையில் நின்றார்.

சமயத்தாரை நோக்கியும் ஒரு சொல். வழிபாட்டுத் தலங்களைத் திறக்க வேண்டிச் சமயங்கள் யாவும் குரல் எழுப்பின, எழுப்பியது முறையே. ஆலயத்தின் நிழலிலேயே பள்ளியும் நிற்கிறது. அடுத்த முறை அதன் கதவுக்காகவும் அதே உரத்த குரல் எழ வேண்டும். ஓய்வுநாள் சட்டத்தைக் காட்டிலும் மனிதரே மேலானவர் என்று போதித்தவரின் வழியில் நடப்போர்க்கு இது தனியாகக் கற்பிக்க வேண்டிய பாடம் அன்று.

பள்ளி திறந்த பின் நிகழ்ந்தவையும் நம் வாதத்தையே உறுதி செய்கின்றன. அபிஜீத் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகியோர் தமிழகச் சிற்றூர்களில் ஏறத்தாழ 19,000 குழந்தைகளை ஆய்ந்தனர். 2021 டிசம்பரில் பேரிழப்பு இருந்தது. மொழியைவிடக் கணக்கில் அது மிகுதி. திறந்த ஆறு மாதங்களுக்குள் அவ்விழப்பில் மூன்றில் இரண்டு பங்கு ஈடு செய்யப்பட்டது. அம்மீட்சியில் ஏறத்தாழக் கால் பங்கு, மாலை நேரங்களில் தன்னார்வலர் நடத்திய 'இல்லம் தேடிக் கல்வி' வகுப்புகளால் விளைந்தது. இதனைக் காட்டி, மூடியதால் கேடில்லை என்று சிலர் ஆறுதல் கொள்கின்றனர். நாம் காண்பது வேறு. ஆசிரியரும் கரும்பலகையும் சில மாதங்களிலேயே இத்துணை மீட்க வல்லவை எனில், முன்னரே திறந்திருந்தால் எத்துணைக் காத்திருக்கலாம்! மீளாத அந்த மூன்றில் ஒரு பங்கு எந்தக் குடிசைகளில் தங்கிவிட்டது?

எனவே நாம் கோருவது இரக்கம் அன்று, சட்டம். ஊரடங்கு விதிகள் 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தையும் 1897ஆம் ஆண்டின் கொள்ளைநோய்ச் சட்டத்தையும் சார்ந்து பிறந்தன. எதனை முதலில் மூடுவது, எதனை முதலில் திறப்பது என்ற வரிசை இரண்டிலும் இல்லை. அவ்வரிசை எழுதப்பட வேண்டும். பள்ளி இறுதியில் மூடப்படுக, முதலில் திறக்கப்படுக. பள்ளிகளுள் தொடக்கப் பள்ளி முதலில் திறக்கப்படுக. தொற்றே இல்லாத மலைச் சிற்றூரின் பள்ளி, சென்னையின் எண்ணிக்கைக்காகப் பூட்டப்படாதிருக்க, முடிவெடுக்கும் உரிமை வட்டார அளவுக்கு இறங்கி வருக. மதுக்கடை திறந்திருக்கும் ஊரில் பள்ளியை மூடும் அதிகாரம் எந்த அரசுக்கும் இல்லாதிருக்கட்டும்.

மூத்தோராகிய நமக்கும் ஒரு விதி உண்டு. அதனை எந்த அரசும் எழுதித் தர வேண்டியதில்லை. அடுத்த கொள்ளைநோய் எப்போது வரும் என்பதை எவரும் அறியார். வாராது என்று சொல்வார் எவருமிலர். அன்று பயணத்தைக் குறைக்கச் சொன்னால் குறைப்போம். விருந்தைச் சுருக்கச் சொன்னால் சுருக்குவோம். அனுமதிச் சீட்டுக்காகப் பொய் சொல்ல மறுப்போம். நம் கால்கள் சில நாள் ஓய்ந்திருந்தால் பிஞ்சுக் கால்கள் பள்ளிக்கு நடக்கும். அந்தப் பரிமாற்றத்துக்கு உடன்படாதவர், கல்வியைக் கண்ணென்று இனி மேடையில் முழங்காதிருக்கட்டும்.