மாயாற்றில் இன்னும் எத்தனை காலம் பரிசல்?



தெங்குமரஹாடா மக்களைக் காட்டிலிருந்து வெளியேற்றுவது பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். அவர்கள் கேட்கும் பாலத்தைப் பற்றிப் பேசத்தான் ஆளில்லை.

ஊர் நீலகிரி மாவட்டம், கோத்தகிரி வட்டத்தைச் சேர்ந்தது. இருப்பதோ மலைகளுக்கு நடுவே மாயாற்றுப் பள்ளத்தாக்கில். வட்டாட்சியர் அலுவலகத்தில் ஒரு சான்றிதழ் வாங்கப் பரிசலில் ஆற்றைக் கடந்து, யானை நடமாடும் காட்டுப் பாதையில் பவானிசாகர் வந்து, மேட்டுப்பாளையம் போய் மலையேற வேண்டும். ஈரோடு, கோவை மாவட்டங்களைச் சுற்றித்தான் சொந்த மாவட்டத்துக்குள் நுழைய முடிகிறது. ஊரில் தூறல்கூட இல்லாத நாளிலும், மேலே பைக்காரா அணையைத் திறந்தால் ஆறு பெருகிவிடும். அப்போது பரிசல் ஓடாது. பிரசவ வலி கண்ட பெண்ணானாலும் பாம்பு கடித்த பிள்ளையானாலும் தண்ணீர் வடியும்வரை கரையில்தான் கிடக்க வேண்டும்.

இவர்கள் காட்டை வளைத்துப் போட்டவர்கள் அல்லர். உணவுப் பஞ்சம் நிலவிய காலத்தில், 1948இல், கூட்டுறவுப் பண்ணைச் சங்கத்துக்கு அரசே நிலம் கொடுத்து உழச் சொன்னது. நெல்லும் வாழையும் மிளகாயும் விளைந்த அந்த மண் குத்தகைக்கு விடப்பட்ட வன நிலம்தான். உழுதவர் கையில் பட்டா கிடையாது.

புலிக்கும் யானைக்கும் பாறுக் கழுகுக்கும் அந்தப் பள்ளத்தாக்கு வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. ஊரை விட்டு வெளியேற, 495 குடும்பங்களுக்குத் தலா 15 லட்சம் வீதம் 74.25 கோடி ரூபாயைத் தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையம் தர வேண்டும் என்று 2023இல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆற்றுப் பாசன வயலை விட்டு வருகிறவர், பவானிசாகர் பக்கம் அந்தப் பணத்தில் வீடும் கட்டி நிலமும் வாங்க முடியுமா? ரொக்கத்துக்குப் பதிலாக நிலமும் வீடுமாகக் கொடுக்க ஆணையத்தின் இடமாற்றத் திட்டத்திலேயே வழி இருக்கிறது. அதை ஏன் முதலில் எடுத்து வைக்கக் கூடாது? பக்கத்தில் அல்லிமாயாறு, கல்லம்பாளையம் பழங்குடி மக்களும் இருக்கிறார்கள். அவர்களுடைய உரிமை 1948இல் வந்த குத்தகையோடு சேர்ந்தது அல்ல; 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டப்படி தனியாகப் பார்க்க வேண்டியது.

எப்படியும் போகப்போகிற ஊருக்குப் பாலம் எதற்கு என்று கேட்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. போகும் நாள்வரை அங்கே மனிதர்கள் வாழ்கிறார்கள். அடுத்த மழைக்காலத்துக்குள் ஆட்கள் நடந்து கடக்க ஒரு தொங்கு பாலமாவது போடுங்கள். அதுவரை, ஆறு பெருகும் நாட்களில் ஊருக்குள்ளேயே ஒரு மருத்துவரும் பாம்புக்கடி மருந்தும் இருக்க அரசு உத்தரவிட வேண்டும்.

ஒரு வாசகர்,
சத்தியமங்கலம்.