பிரிவு வேறு, புறக்கணிப்பு வேறு

பெங்களூரு திகளர்பேட்டையிலுள்ள தருமராயர் கோயிலில், ஆண்டுதோறும் சைத்திர மாத முழுநிலவு இரவில் திரௌபதியைப் போற்றும் கரக விழா நிகழ்கிறது. திரௌபதியின் கதை கூறும் மகாபாரதத்தில், பெற்றோரை எடைபோடக் கற்பிக்கும் மூவர் உள்ளனர்.

முதலாமவர் பாண்டு. மைந்தர் சிறுவராய் இருந்தபோதே அவர் இறந்தார். அவர் உடன் இல்லாதது இழப்பே, புறக்கணிப்பு அன்று. இரண்டாமவர் திருதராட்டிரர். அவர் மகனைப் பிரிந்து வாழ்ந்தவர் அல்லர். சூதாட்டத்தைத் தடுக்குமாறு விதுரர் அறிவுரை கூறியும், மகன் விருப்பத்துக்கே இணங்கினார். அருகில் இருந்தும் தந்தையின் கடமையைக் கைவிட்டவர் அவரே.

மூன்றாமவர் குந்தி. மணமாகாத இளம்பருவத்தில் பழிக்கு அஞ்சி, கர்ணனைப் பேழையில் வைத்து ஆற்றில் விட்டார். அதிரதனும் இராதையும் அவனை வளர்த்தனர். அன்றைய அச்சத்தைக் கற்போர் பொறுக்கலாம். ஆயின், போர்ப்பயிற்சி அரங்கில் குலம் கேட்டு மகன் இகழப்பட்டபோது, அவனை அடையாளம் கண்டும் குந்தி வாய்திறக்கவில்லை. பிரிவு புறக்கணிப்பாக மாறிய இடம் அதுவே.

ஆகவே, பெற்றோர் எங்கே இருந்தனர் என்பதை மட்டும் கொண்டு தீர்ப்பளித்தல் முறையன்று. ஏன் பிரிந்தனர், பிள்ளைக்கு யாரைத் துணைவைத்தனர், இயன்றபோது என்ன செய்தனர் என்பனவற்றை ஆராய்தல் வேண்டும். இரவுப்பணிக்குச் செல்வதாலேயே ஒரு தாயும், வெளியூரில் உழைப்பதாலேயே ஒரு தந்தையும் பிள்ளையை மறந்தவர் ஆகார். கதையில் கற்கும் இந்நடுநிலை வீட்டிலும் பயன்படும்.